ஆண்பூ கேட்டுப் போன காலை

நகுலேஸ்வரி இருட்டோடு வேலைக்குப் போகிறவள். ஆஸ்பத்திரிக் குசினி ஒன்றில் நோயாளிகளின் காலைச் சாப்பாட்டைத் தட்டுகளில் அடுக்குவது அவளுடைய வேலை. லண்டன் வால்தம்ஸ்டோ வீட்டிலிருந்து அவள் புறப்படும்போது பின்வளவில் பூசணிப் பூக்கள் இன்னும் மொட்டாகத்தான் இருக்கும். பின்னேரம் திரும்பி வரும்போது அவை விரிந்து, வாடி, சுருங்கிப் போயிருக்கும். அதனால் 2009ஆம் ஆண்டுக் கோடையில் அந்தப் பூசணி காய்ப்பதும் காய்க்காததும் அவள் கையில் இருக்கவில்லை. வீட்டில் இருந்த கணவர் கிருஷ்ணராசாவின் கையில் இருந்தது. அவரோ கட்டிலை விட்டு எழும்புவதே அருமை.

கிருஷ்ணராசா பலசரக்கு மொத்த வியாபாரி ஒருவரிடம் வான் ஓடியவர். லண்டன் முழுக்க உள்ள தமிழ்க் கடைகளுக்கு அரிசி மூட்டையும் மரக்கறிப் பெட்டியும் இறக்குவார். அந்த ஏப்ரலிலும் மேயிலும் வேலை முடிந்த கையோடு பாராளுமன்றச் சதுக்கத்துக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லி அங்கே கூடியிருந்த சனத்தோடு நின்று தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வருவார். அவருடைய ஒரே தம்பி சிவதர்ஷன், மனைவி சுவர்ணாவோடும் கைப்பிள்ளையோடும் வன்னியில் அகப்பட்டிருந்தான். மாசி மாதம் ஒருமுறை பேசினான். பிறகு பேச்சில்லை. எல்லாம் முடிந்தது என்ற செய்தி வந்த அன்று கிருஷ்ணராசா வீட்டுக்கு வந்து மேல் அறையில் படுத்தார். கைத்தொலைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சாப்பிடவும் குளிக்கவும் மட்டும் கீழே இறங்கினார். முதலாளி நல்ல மனிதர். சில கிழமைகள் பொறுத்துப் பார்த்துவிட்டு வானை வேறொருவரிடம் கொடுத்தார்.

அந்தக் கிழமைதான் நகுலேஸ்வரி பூசணிக் கன்றுகளை வெளியே வைத்தாள். ஏப்ரலிலேயே யோகட் கப்புகளில் விதை போட்டு, குசினி ஜன்னலோரத்தில் வளர்த்து வைத்திருந்தாள். ஜன்னலால் அவள் மண் கிண்டுவதைப் பார்த்த கிருஷ்ணராசா கீழே இறங்கி வந்தார்.

“உமக்கு இந்த நேரத்திலை பூசணியோ?” என்றார்.

“கப்புக்குள்ளை வேர் சுத்திக்கொண்டு நிக்குது,” என்றாள் அவள், நிமிராமலே. “வெளியிலை என்ன நடக்குதெண்டு அதுக்குத் தெரியுமே?”

அவர் மேலே திரும்பிப் போனார்.

இந்த நாட்டில் பூசணிக்குக் கிடைக்கிற காலம் கொஞ்சம். மே கடைசிக்கு முன் வெளியே வைத்தால் குளிர் கொன்றுவிடும். ஓகஸ்ட் நடுப்பகுதிக்குள் பிஞ்சு பிடிக்காவிட்டால், ஒக்ரோபர்க் குளிருக்கு முன் காய் முற்றாது. போன வருடம் செப்ரெம்பரில்தான் பிஞ்சு பிடித்தது. அது தேங்காயளவு வந்ததும் கொடி பட்டுப்போயிற்று. இந்த முறை நகுலேஸ்வரி கொடிக்கு வேண்டிய எல்லாவற்றையும் நேரத்துக்குச் செய்தாள். கொடியும் வளவை நிறைத்துக்கொண்டு ஓடியது. ஆனால் யூலை மாதம் முழுக்க மழை. மழைக்குத் தேனீ வராது. பெண்பூக்கள் விரிந்தன, மூடின. அடியில் இருந்த சின்னப் பிஞ்சுகள் சில நாட்கள் பச்சையாகவே நின்றன. அவற்றைப் பார்த்தால் பிடித்துவிட்டது என்றுதான் தோன்றும். பிறகு நுனியிலிருந்து மஞ்சளாகி, சூம்பி, தொட்டவுடன் கையோடு வந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கணவரைக் கையில் பிடித்து வளவுக்குக் கூட்டிவந்தாள்.

“இஞ்சை பாருங்கோ. மெல்லிசா, நெட்டையாத் தண்டிலை நிக்கிறது ஆண்பூ. அடியிலை குட்டிப் பூசணி மாதிரி ஒண்டு இருந்தால் பெண்பூ. ஆண்பூவைப் பிடுங்கி, இதழைக் கிள்ளி எறிஞ்சுபோட்டு, நடுவிலை இருக்கிற மஞ்சள் தூளைப் பெண்பூவுக்குள்ளை தடவ வேணும். அவ்வளவுதான். காலமை விரிஞ்ச உடனை செய்ய வேணும். பத்து மணிக்குப் பிறகு சரிவராது.”

“ஓம்,” என்றார் கிருஷ்ணராசா.

“நாளைக்கு ஒண்டு விரியும். எழும்புவியளே?”

“ஓம் எண்டிறன்.”

அவர் எழும்பவில்லை. அடுத்த முறையும் எழும்பவில்லை. நகுலேஸ்வரி சத்தம் போடவில்லை. மஞ்சளாகி விழுந்த பிஞ்சைக் கொண்டுவந்து மேசையில், அவருடைய தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இது என்ன?”

“திங்கக்கிழமைப் பூவின்ரை பிஞ்சு.”

கிருஷ்ணராசாவுக்குக் கோபம் வந்தது. பிஞ்சைத் தட்டிவிட்டார். அது உருண்டு போய்ச் சுவரோரம் கிடந்தது.

“என்ரை தம்பி உயிரோடை இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரியாமல் கிடக்கிறன். நீர் எனக்குப் பிஞ்சு காட்டுறீர்!”

நகுலேஸ்வரி கதிரையை இழுத்து எதிரே இருந்தாள். வேலை உடுப்பு இன்னும் மாற்றவில்லை. அவளுடைய கண்கள் நித்திரை இல்லாமல் சிவந்திருந்தன. அதை அவர் அன்றைக்குத்தான் கவனித்தார்.

“நான் உங்களைக் கவலைப்படாதேங்கோ எண்டு சொன்னனானோ? படுங்கோ. வேலைக்குப் போங்கோ எண்டும் கேக்கேல்லை. காலமை ஏழு மணிக்கு எழும்பி ஒரு பூவைத் தடவிப்போட்டுத் திரும்பிப் போய்ப் படுங்கோ. எனக்குப் பூசணிக்காய் வேணும். அவ்வளவுதான்.”

அவள் எழும்பிக் குளிக்கப் போனாள்.

ஓகஸ்ட் முதல் கிழமையில், ஒரு நாள், கதவு சாத்தும் சத்தம் கேட்டுக் கிருஷ்ணராசா விழித்தார். மனைவி வேலைக்குப் போய்விட்டாள். வழக்கமாக மறுபக்கம் புரண்டு படுப்பார். அன்றைக்கு நித்திரை வரவில்லை. வெளிச்சம் வரும்வரை கிடந்துவிட்டு, சாரத்தின் மேல் ஒரு ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வளவுக்கு இறங்கினார். மழை தூறிக்கொண்டிருந்தது. வேலியோரம், பெரிய இலை ஒன்றின் கீழே, பெண்பூ விரிந்திருந்தது. அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. கோப்பை மாதிரி, கடும் மஞ்சளாக, உள்ளே ஒரு துளி தண்ணீரோடு நின்றது.

ஆண்பூவைத் தேடினார். நேற்றுப் பூத்தவை வாடித் தொங்கின. மற்றவை இறுகிய மொட்டுகள். கொடி முழுக்க இலை இலையாகத் தூக்கிப் பார்த்தார். முட்கள் கையைக் கிழித்தன. விரிந்த ஆண்பூ ஒன்றுகூட இல்லை. மொட்டொன்றைப் பிடுங்கி உரித்துப் பார்த்தார். உள்ளே ஈரமாக, ஒட்டிக்கொண்டு, தூளே இல்லை. மனைவிக்கு அழைத்தார். குசினியில் அவள் கைத்தொலைபேசியைத் தொட ஏலாது. அது அவருக்கும் தெரியும். மணி அடித்து ஓய்ந்தது.

அப்போதுதான் வேலிக்கு மேலால் பார்த்தார். பக்கத்து வளவின் கடைசித் தொங்கலில், ஷெட்டுக்குப் பக்கத்தில், அதே கொடி. அதே இலை. நெட்டைத் தண்டுகளில் மஞ்சள் பூக்கள் தலை நீட்டிக்கொண்டு நின்றன.

அது றெஜினோல்டின் வளவு.

றெஜினோல்டும் கிரிஜாவும் நான்கு வருடங்களுக்கு முன் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். அவன் ஃபிரிட்ஜ் திருத்துகிறவன். தமிழ்க் கடைகளின் குளிரறைகள் பலவற்றைப் பார்க்கிறவன் அவன்தான். அவர்களுக்கு ஒரு மகள், கோசிகா. மே மாதம் அவளுக்கு ஏழு வயது நிறைந்த சனிக்கிழமை அந்த வீட்டில் பலூன் கட்டிப் பாட்டுப் போட்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் கிருஷ்ணராசா கைத்தொலைபேசியைப் பார்த்தபடி படுத்திருந்தார். திடீரென்று எழும்பிப் போனவர், திறந்திருந்த கதவால் உள்ளே நுழைந்து, பாட்டுப் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து இழுத்தெடுத்தார். “அங்கை சனம் சாகுது, உங்களுக்கு இஞ்சை கொண்டாட்டமோ? நீங்களும் தமிழரோ?” என்று கத்தினார். பிள்ளைகள் விறைத்துப்போய் நின்றார்கள். கேக்குக்குப் பக்கத்தில் நின்ற கோசிகா அழத் தொடங்கினாள். றெஜினோல்ட் ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டோடு எந்தத் தொடர்பும் வேண்டாம் என்று கிருஷ்ணராசா மனைவியிடம் சொல்லியிருந்தார்.

இப்போது தெரிந்தது, அவள் கேட்கவில்லை என்று. அந்தக் கன்று அவளுடைய யோகட் கப்பிலிருந்துதான் போயிருக்க வேண்டும்.

மழை கொஞ்சம் கூடியது. கிருஷ்ணராசா பெண்பூவை மறுபடி பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மூடிவிடும். பிறகு சில நாட்கள் பச்சையாக நிற்கும். பிறகு மேசைக்கு வரும். அவர் வீட்டுக்குள்ளால் நடந்து, முன்கதவைத் திறந்து, அடுத்த வீட்டு மணியை அடித்தார்.

கதவைத் திறந்தது கோசிகா. பள்ளி விடுமுறை, இரவு உடுப்போடு நின்றாள். அவரைக் கண்டதும் அவளுடைய முகம் மாறியது. ஒரு சத்தமும் போடாமல் பின்னுக்கு நகர்ந்து, படிக்கட்டுக்குக் கீழே தொங்கிய ஜக்கெற்றுகளுக்குள் போய் மறைந்துகொண்டாள். அவளுடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

கிருஷ்ணராசா வாசலிலேயே நின்றார். அவரைக் கண்டு ஒரு குழந்தை பயந்து ஒளித்ததை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று காலை எடுத்தபோது கிரிஜா வந்துவிட்டாள். அவளும் அவரைக் கண்டு ஒரு கணம் தயங்கினாள்.

“என்ன அண்ணை? அக்காவுக்கு ஏதுமோ?”

“இல்லைத் தங்கச்சி. அவ வேலைக்குப் போட்டா.” அவர் பின்வளவுப் பக்கம் கை காட்டினார். “எனக்கு… ஒரு ஆண்பூ வேணும்.”

“என்ன?”

“பூசணி. எங்கடையிலை ஆண்பூ விரியேல்லை. உங்கடையிலை நிக்குது. பத்து மணிக்குள்ளை தடவ வேணுமாம்.”

கிரிஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினாள். உள்ளே திரும்பி, “இஞ்சருங்கோ, வாங்கோ ஒருக்கா,” என்று கூப்பிட்டாள்.

றெஜினோல்ட் பற்பசை வாயோடு வந்தான். விஷயத்தைக் கேட்டான். வாயைக் கழுவிவிட்டு வந்து, பின்வளவுக்குப் போய் இரண்டு ஆண்பூக்களைத் தண்டோடு பிடுங்கிக்கொண்டு வந்தான். கிருஷ்ணராசா கை நீட்டினார். றெஜினோல்ட் கொடுக்கவில்லை.

“மழை பெய்யுது அண்ணை. நீங்கள் தனிய எப்பிடிச் செய்வியள்? தூள் நனைஞ்சால் வேலை செய்யாது. நில்லுங்கோ, குடை எடுத்துக்கொண்டு வாறன்.”

இரண்டு பேரும் கிருஷ்ணராசாவின் வளவில் வேலியோரம் குந்தினார்கள். றெஜினோல்ட் பூவுக்கு மேலே குடையைப் பிடித்தான். கிருஷ்ணராசா ஆண்பூவின் இதழ்களைக் கிள்ளி எறிந்தார். பெண்பூவுக்குள்ளே இருந்த தண்ணீரைத் சாரத்தின் நுனியால் ஒற்றி எடுத்துவிட்டு, மஞ்சள் தூளை மெல்லத் தடவினார். ஒரு பூ முடிந்ததும் மற்றதையும் தடவினார். பிறகு றெஜினோல்ட் சொன்னபடி, மழை உள்ளே போகாமல் பெண்பூவின் இதழ்களை ஒன்றாகக் கூட்டி நூலால் லேசாகக் கட்டினார். இருவருடைய முதுகும் நனைந்துகொண்டிருந்தது. குடை பூவுக்குத்தான் போதுமானதாக இருந்தது.

“உங்கடை பிள்ளையை அண்டைக்கு வெருட்டிப்போட்டன்,” என்றார் கிருஷ்ணராசா, பூவைப் பார்த்தபடி.

“ஓம் அண்ணை, வெருட்டித்தான் போட்டியள்,” என்றான் றெஜினோல்ட். “இப்பவும் பக்கத்து வீட்டு மாமா வருவாரோ எண்டு கேக்கிறவள். பாட்டுப் போட விடமாட்டாள்.”

கிருஷ்ணராசா தலையைக் குனிந்துகொண்டார். றெஜினோல்ட் குடையை மற்றக் கைக்கு மாற்றினான்.

“கிரிஜான்ரை தாயும் தேப்பனும் வன்னிக்குள்ளைதான் இருந்தவை. உங்களுக்குத் தெரியாது எண்டு எனக்குப் பிறகுதான் விளங்கினது. அண்டைக்குக் கிரிஜா மேல் அறையிலை அழுதுபோட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்துதான் கேக் வெட்டினவ. பிள்ளைக்கு நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை. அவள் ஒரு வருசமா எதிர்பாத்துக்கொண்டிருந்தவள்.”

“இப்ப?”

“தாய் செட்டிக்குளம் முகாமிலை. யூன் கடைசியிலை தகவல் வந்தது. தேப்பனைப் பற்றி ஒண்டும் தெரியாது.”

“ஏன் அண்டைக்கே எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் நிண்ட நிலைக்கு என்னத்தைச் சொல்லுறது? சண்டை பிடிக்கிறதெண்டால் பிடிச்சிருக்கலாம். பிடிச்சு?”

கிருஷ்ணராசா எழும்பினார். முழங்கால் மடங்கிப்போய்க் கிடந்ததால் தடுமாறினார். றெஜினோல்ட் கையைக் கொடுத்தான். குசினிக்குள் போய்க் கிருஷ்ணராசா கேத்தலை அடுப்பில் வைத்தார். சீனி எங்கே இருக்கிறது என்று தேடத்தான் அவருக்கு நேரம் எடுத்தது.

அந்தப் பிஞ்சு பிடித்தது. நான்கைந்து நாள் அவர் காலையிலும் பின்னேரமும் போய்க் குனிந்து பார்த்தார். மஞ்சளாகவில்லை. விரலால் தொட்டால் இறுக்கமாக இருந்தது. பிறகு ஒரு காலையில் அது தேசிக்காயளவிலிருந்து தோடம்பழமளவுக்கு வளர்ந்துவிட்டிருந்தது. அடுத்து வந்த பூக்களையும் அவர் விடவில்லை. எந்த மொட்டு நாளைக்கு விரியும் என்று முதல் நாளே பார்த்துச் சொல்லப் பழகினார். ஒருநாள் றெஜினோல்டின் வளவில் பெண்பூ நிற்க ஆண்பூ இருக்கவில்லை. கிருஷ்ணராசா வேலிக்கு மேலால் நீட்டினார். கிரிஜா வாங்கினாள். கோசிகா ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள். வெளியே வரவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

“அவைக்குப் பூசணிக் கண்டு குடுத்ததை ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டார்.

“சொல்லியிருந்தால் பிடுங்கி எறிஞ்சிருப்பியள்,” என்றாள் நகுலேஸ்வரி.

ஓகஸ்ட் கடைசியில் அந்த அழைப்பு வந்தது. முகாமிலிருந்து, யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியில், தம்பியின் மனைவி சுவர்ணா. அவளும் பிள்ளையும் இருக்கிறார்கள். அவளுக்குக் காலில் காயம், ஆறிவிட்டது. சிவதர்ஷன் தண்ணீர் எடுக்கப் போனவன். அந்த இடத்தில் ஷெல் விழுந்தது. பிறகு சனம் அள்ளுப்பட்டு ஓடியதில் அவளால் திரும்பிப் போய்ப் பார்க்க முடியவில்லை. “நான் பாக்கேல்லை அத்தான். ஒண்டும் பாக்கேல்லை,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தொடர்பு அறுந்தது.

அடுத்த நாள் காலை கிருஷ்ணராசா எழும்பவில்லை. அதற்கு அடுத்த நாளும் எழும்பவில்லை. நகுலேஸ்வரி லீவு போட்டுவிட்டு ஒருநாள் பக்கத்தில் இருந்தாள். இரண்டாம் நாள் லீவு கிடைக்கவில்லை. பின்னேரம் அவள் திரும்பி வந்து வளவைப் பார்த்தபோது, புதிதாகப் பூத்திருந்த பெண்பூ நூலால் கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் இதழ் கிள்ளிய ஆண்பூ ஒன்று மண்ணில் கிடந்தது. வளவின் பின்னால் ஓடும் ஒழுங்கைப் பக்கத்துக் கேற்றால் றெஜினோல்ட் வந்து போயிருக்கிறான். மணி அடிக்கவில்லை. காய் பிடிக்கிற காலம் கடந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். நகுலேஸ்வரி அந்த ஆண்பூவை எடுத்துக்கொண்டு மேலே போனாள். கட்டிலில் இருந்த கணவரிடம் கொடுத்தாள். அவர் அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். அன்றைக்குத்தான் அவர் சத்தமாக அழுதார்.

செப்ரெம்பரில் இலைகளில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்தது. மூன்று காய்கள் தேறின. மிச்சப் பூக்களையும் பிந்திய பிஞ்சுகளையும் நகுலேஸ்வரி வெட்டி வறை வறுத்தாள். கிருஷ்ணராசா ஒவ்வொரு ஞாயிறும் முகாமுக்கு அழைக்க முயன்றார். சில ஞாயிறுகளில் சுவர்ணாவோடு பேசக் கிடைத்தது. பிள்ளை கதைக்கத் தொடங்கிவிட்டதாம். தம்பிக்குக் காரியம் செய்வதைப் பற்றிச் சொந்தக்காரர் சிலர் கேட்டார்கள். நகுலேஸ்வரி அவர்களை வேறு கதைக்குத் திருப்பிவிட்டாள்.

ஒக்ரோபர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்களை எல்லாம் உள்ளே எடுத்த பிறகு, இருவருமாகக் கொடியைப் பிடுங்கினார்கள். முதல் நாள் இரவு விழுந்த பனியில் அது கறுத்துச் சரிந்து கிடந்தது. வேர் லேசாக வந்துவிட்டது. தண்டுகள் உள்ளே வெறுங்குழாயாக இருந்தன. முறித்தால் தண்ணீர் வடிந்தது. நகுலேஸ்வரி முறித்து முறித்துக் கொடுக்க, கிருஷ்ணராசா கவுன்சிலின் பச்சைக் குப்பைத்தொட்டிக்குள் அமத்தினார்.

“நாளைக்கு ஸ்ட்ரெதம் பக்கம் ஒரு கடைக்கு வரச் சொல்லியிருக்கினம்,” என்றார். “டிலிவரி. கிழமைக்கு நாலு நாள். றெஜினோல்ட் சொல்லிவிட்டவன்.”

“ஓம், கிரிஜா சொன்னவ.”

“உங்களுக்குள்ளை எல்லாம் கதைச்சாச்சு.”

“கதைக்காமல்?”

அவர் இன்னொரு பிடி கொடியை வாங்கி உள்ளே திணித்தார். மூடியைச் சாத்தப் பார்த்தார். சாத்துப்படவில்லை. கையை மூடியின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“தம்பி இல்லையெண்டுதான் நினைக்கிறன்,” என்றார்.

நகுலேஸ்வரி கையில் இருந்த தண்டைக் கீழே வைத்தாள். மண் பட்ட கையைத் துடைக்காமலே வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

“ஓம்,” என்றாள். “நானும் அப்பிடித்தான் நினைக்கிறன்.”

பிறகு அவள் தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடிக்க, அவர் மறுபக்கத்தைப் பிடிக்க, வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.